ஆரி ஒர்க் படம் எடுக்க ஐபோன்: இ.எம்.ஐ.யில் வாங்கலாமா?

கேள்வி: சார், எனக்கு 26 வயது. திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து, தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கைக்கு வரும் சம்பளம் 22,000 ரூபாய். வீட்டுக்கு 9,000, ஏலச்சீட்டு 2,500 (50,000 ரூபாய் சீட்டு, எட்டுத் தவணை பாக்கி, இன்னும் எடுக்கவில்லை), மகளிர் குழுக் கடன் 1,800, பஸ், சாப்பாடு, மற்ற செலவு 4,500. மாலையில் ஆரி ஒர்க் பிளவுஸ் செய்து இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். முகூர்த்த மாதங்களில் செலவு போக 8,000 வரை நிற்கும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் 2,000 வந்தாலே அதிகம். அப்பா ஆபரேஷனுக்காக அம்மாவின் சங்கிலியை வங்கியில் 1,20,000 ரூபாய்க்கு, 9 சதவீத வட்டியில் வைத்திருக்கிறோம். ஐப்பசியில் கெடு. சேமிப்பு 40,000 இருக்கிறது. என் போன் நாலு வருடப் பழசு, மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. அடுத்த ஐபோன் எப்போது வரும் என்று ராத்திரி எல்லாம் ஒப்பீட்டு வீடியோ பார்க்கிறேன். அதுவரை காத்திருக்கவா, இப்போதே 17 வாங்கவா? 24 மாத ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ. என்கிறார்கள். சீட்டை எடுத்தும் கட்டலாமா?

பதில்: சகோதரி, உங்களுக்கு நல்ல கேமரா தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆர்டர் வருகிறது. ஆனால் இந்த வருடம் ஐபோன் வேண்டாம், 17-ம் வேண்டாம், அடுத்ததும் வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் நீங்கள் எழுதிய கணக்கையே பார்ப்போம். எல்லாம் போக மாதம் மிஞ்சுவது 4,200. ஐபோன் 17 வெளிவந்தபோது அதன் ஆரம்ப விலை 82,900. 24 தவணை என்றால் மாதம் 3,454. மிச்சம் 746 ரூபாய். நகைக் கடனுக்கு மட்டும் மாதம் 900 ரூபாய் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஆரி வருமானம் ஈடுகட்டும் என்று நினைப்பீர்கள். ஆவணியில் கட்டலாம், தையில் கட்டலாம். புரட்டாசியிலும் மார்கழியிலும் அதே 3,454 ரூபாய்தானே பிடிப்பார்கள்? ஏறி இறங்கும் வருமானத்தின் மேல் இறங்காத தவணையை ஏற்றக் கூடாது.

‘நோ காஸ்ட்’ என்ற பெயரையும் நம்பிவிடாதீர்கள். வட்டியில்லாக் கடன் என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளிடம் சொல்லியிருக்கிறது. நடப்பது இதுதான்: வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, அதையே வங்கி தவணையில் வட்டியாக வாங்கிக்கொள்கிறது. 16 சதவீத வட்டி என்று வைத்தால், 24 மாதத்தில் அந்த வட்டி சுமார் 12,300 ரூபாய் வரும். கிரெடிட் கார்டு தவணை என்றால், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 2,200 ரூபாய், உங்கள் கையிலிருந்துதான் போகும். பிராசசிங் கட்டணம் தனி. கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முழுப் பணமும் இப்போதே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?” விலை குறைந்தால், அதுதான் தவணைக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான வட்டி.

இப்போது நீங்கள் ராத்திரி பார்க்கும் ஒப்பீட்டுக்கு வருவோம். உங்கள் வேலைக்கு எது உதவும் என்று பார்த்தால் பட்டியல் மிகச் சிறியது. 17-ல் திரை 120 ஹெர்ட்ஸ் ஆனது, ஆரம்ப மாடலிலேயே 256 ஜி.பி. வந்தது, முன்கேமரா 18 மெகாபிக்சல் ஆனது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் திரை வேகம் ஜர்தோசி சரிகை வேலையை அழகாகக் காட்டாது. முன்கேமராவில் நீங்கள் பிளவுஸ் எடுப்பதில்லை. 256 ஜி.பி.? ஐபோனில் 1080 அளவில் ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 60 எம்.பி.தான் பிடிக்கும். ரீல்ஸுக்கு அந்த அளவு போதும். 4கே-யில், நொடிக்கு 60 ஃப்ரேமில் எடுத்தால்தான் நிமிடத்துக்கு 400 எம்.பி. ஆகிறது.

உங்களுக்கு வேண்டியது கிட்டத்தில் வைத்து மணியையும் நூலையும் எடுக்கும் மேக்ரோ. அது ஐபோன் 16-லேயே இருக்கிறது. 15-ல் இல்லை. 16-ஐவிடக் குறைந்த விலையில் வந்த 16இ-யிலும் இல்லை. அதில் பின்பக்கம் ஒரே கேமராதான். விலை குறைவு, ஐபோன் என்ற பெயரும் இருக்கிறது என்று அதை எடுத்திருந்தால் உங்கள் வேலைக்கு வேண்டிய வசதியே இருந்திருக்காது.

இன்னும் வெளிவராத மாடலைப் பற்றி வீடியோக்களில் வருவதெல்லாம் ஊகம். அதை வைத்து யாருக்கும் நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். 13, 14, 15, 16 நான்கும் இங்கே 79,900 ரூபாயில் தொடங்கின. ஒவ்வொன்றும், அடுத்த மாடல் செப்டம்பரில் வந்ததும் 69,900 ஆனது. புது மாடல் வெளியாகும் நாள், பழைய மாடல் விலை இறங்கும் நாள். ஒவ்வொரு வருடமும் அப்படியே நடக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் காத்திருப்பதென்றால் அதற்காகக் காத்திருங்கள். அதுவும் சங்கிலி வீட்டுக்கு வந்த பிறகு.

இந்த வருடத்துக்கு உங்கள் பட்ஜெட் 25,000 ரூபாய். ஆரி வேலையில் வருடத்துக்கு 55,000, 60,000 நின்றாலும், அதில் பாதிக்கு மேல் ஒரு கருவிக்குப் போகக் கூடாது. இந்த விலையில் ஐபோன் கிடைக்காது, நல்ல ஆண்ட்ராய்டு கிடைக்கும். டவுன்ஹால் ரோடு கடைகளுக்குப் போகும்போது நீங்கள் முடித்த பிளவுஸ் ஒன்றை, முடிந்தால் அரக்கு நிறத்தில், கையோடு கொண்டுபோங்கள். சிவப்பைப் பல போன்கள் அளவுக்கு மேல் அடர்த்தியாகக் காட்டும், நூலின் வரியே தெரியாது. நாலைந்து போன்களில் ஒரே இடத்தை எடுத்து, படங்களை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பாருங்கள். வாடிக்கையாளர் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். ‘2 மெகாபிக்சல் மேக்ரோ’ என்று பெட்டியில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது எண்ணிக்கைக்கு வைத்த லென்ஸ். கொஞ்சம் தள்ளி நின்று மெயின் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுத்தால் அதைவிடத் தெளிவாக வரும். எத்தனை வருடம் அப்டேட் தருகிறார்கள் என்றும் கேளுங்கள். சாம்சங் ஏ26, ஏ36 போன்றவற்றுக்கே ஆறு வருடம் சொல்லியிருக்கிறார்கள். 25,000 ரூபாய் போன் ஐந்து வருடம் உழைத்தால் மாதம் சுமார் 420 ரூபாய்தான்.

அதுவரை இருக்கிற போனுக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது பேட்டரி போட்டுவிடுங்கள். ஒரு ஸ்டாண்டும் விளக்கும் வாங்குங்கள். பகலில் ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுங்கள். படத்தில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு வெளிச்சத்தால் வருவது. ஆவணி ஆர்டர்களை இதை வைத்தே முடித்துவிடலாம்.

சீட்டை இப்போது எடுக்காதீர்கள். தள்ளிக் கேட்டு எடுத்தால் சில ஆயிரம் போய்விடும். 9 சதவீத நகைக் கடன் அதைவிட மலிவு. கடைசி வரை கட்டி, வரும் பணத்தை நகைக்கே கொடுங்கள். சேமிப்பு 40,000 ரூபாயில் ஒரு வருட வட்டி 10,800 ரூபாயைத் தொடாமல் தனியாக எடுத்து வையுங்கள். ஐப்பசிக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே வங்கிக்குப் போய், வட்டி கட்டிப் புதுப்பிக்க என்ன விதி என்று கேளுங்கள். வட்டியோடு ஆவணியில் வந்த பணத்தையும் சேர்த்து அசலில் கொஞ்சம் இறக்குங்கள். பிறகு தீபாவளித் தள்ளுபடியில் போனை ரொக்கமாக வாங்குங்கள். சேமிப்பில் 15,000 ரூபாய்க்குக் கீழே இறங்க வேண்டாம். அப்பாவின் உடல்நிலையை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பணம் குறைந்தால் போன் தைக்குத் தள்ளிப்போகட்டும்.

நடுவில் யாராவது பழைய ஐபோனைச் சல்லிசாகத் தருகிறேன் என்றால், *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அதில் தெரியும். பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.