வேலியில் படரும் செங்காந்தள்

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் விளையின் வேலியில் செங்காந்தள் நிறைய படர்ந்திருக்கிறது. கிழங்கை அரைத்துக் குடித்தால் அம்மாவின் மூட்டுவலி போகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து கொடுக்காதீர்கள். நம் மாநில மலர்தான், நுனி சுருண்டு கொம்பைப் பற்றிக்கொள்ளும் இலையும், மஞ்சளில் தொடங்கிச் சிவக்கும் இதழும் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கலப்பை மாதிரி வளைந்த அந்தக் கிழங்கு கடும் விஷம். கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடியில் உண்டாகும் ஒரு வீரியமான வேதிப்பொருள், இருக்கிறது. அது செல் பிரிவதையே நிறுத்திவிடும். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகத் தங்கி வருகிற கவுட் வலிக்கு டாக்டர்கள் தருவதும் இதே மருந்துதான், ஆனால் ஒரு மாத்திரையில் இருப்பது வெறும் 0.5 மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அம்மியில் அரைக்கும்போது யாருக்குத் தெரியும்? அளவு கூடிப்போனால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, அப்புறம் எலும்பு மஜ்ஜை பாதிப்பு, பிழைத்தவர்களுக்குக்கூட முடி கொத்தாகக் கொட்டும். முறிவு மருந்து கைவசம் கிடைப்பதில்லை.

அம்மாவுக்கு முதலில் யூரிக் அமில ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஏனென்றால் தேய்மான வலி என்றால் இந்த மருந்துக்கே வேலையில்லை. செடியைப் பிடுங்க வேண்டாம். மரச்சீனி (மரவள்ளி), சேனை தோண்டும்போது மட்டும் இந்தக் கிழங்கு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.