ஆபரேஷன் தியேட்டரில் தரம்: ஒரு பழைய தியேட்டர் சிஸ்டரின் பதில்கள்

கேள்வி (தரப் பிரிவு ஒருங்கிணைப்பாளர், தனியார் மருத்துவமனை): என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) ஆய்வுக்கு வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அவர்கள் போன மூன்றாம் மாதமே பழைய கதை. ஏன்?

பதில்: உங்கள் ஆபரேஷன் பாதுகாப்புச் செக்லிஸ்ட் தாள்களில் ஒரு முப்பதை உருவிப் பாருங்கள். மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி வெளியே போகும் முன் என மூன்று கட்டத்துக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால், கேஸ் முடிந்தபின் மொத்தமாக நிரப்பியது என்று வைத்துக்கொள்ளலாம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மறுநாள் கேஸுக்கு முதல் நாள் இரவே டிக் அடித்து வைப்போம். ஆமாம், நானும்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் செக்லிஸ்ட் 2008இல் வந்தது. 2009இல் வெளியான எட்டு நகர ஆய்வில் (டெல்லியும் உண்டு) இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. அப்புறம் கனடாவின் ஒன்டாரியோவில் இதைக் கட்டாயமாக்கி, 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தார்கள். 2014இல் வந்த அந்த முடிவில் சொல்லும்படியான குறைவே இல்லை. அதனால் தாளை எண்ணாதீர்கள். வாரம் ஐந்து கேஸாவது சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய் நில்லுங்கள். கத்தி வைக்கும் முன் எல்லோரும் கையை நிறுத்தினார்களா, பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் வாய்விட்டுச் சொன்னார்களா? பார்த்ததை அந்த வாரமே அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ்): டைம் அவுட் (கீறலுக்கு முன் எல்லோரும் கையை நிறுத்திச் சரிபார்ப்பது) என்றாலே பெரிய டாக்டர் எரிந்து விழுகிறார், சிஸ்டர்.

பதில்: கத்தியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும், தங்கச்சி. துறைத் தலைவரிடம் முன்பே சொல்லி வைத்துவிட்டு, டைம் அவுட் முடியும்வரை பிளேடைக் கைப்பிடியில் மாட்டாதே. அவர் கை நீட்டுவார், வெறும் கைப்பிடிதான் டிரேயில் கிடக்கும். அனஸ்தீஷியா டாக்டரைக் கூட்டுச் சேர்த்துக்கொள், பாதி வேலை முடிந்தது.

கேள்வி (சர்ஜன்): எங்கள் ரெஜிஸ்டரில் ஆறு மாதமாகப் புண் தொற்று பூஜ்யம். நல்லதுதானே?

பதில்: எனக்குச் சந்தேகம், சார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனவருக்கு எட்டாம் நாள் சீழ் வைத்தால் அவர் ஊர் டாக்டரிடம் போவார். 30 நாள் வரை, இம்பிளான்ட் வைத்த பல கேஸ்களில் 90 நாள் வரை, போன் போட்டுக் கேட்க ஓர் ஆளை வையுங்கள். எண்ணிக்கை ஏறும், பயப்பட வேண்டாம். கூடவே ஆன்டிபயாடிக் போட்ட நேரத்தையும் பாருங்கள். செஃபசோலின் கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போக வேண்டும். வார்டில் காலை ஆறுக்குப் போட்டுவிட்டு, கேஸ் பதினொன்றுக்குத் தொடங்குவது நம் ஊரில் சகஜம்.

கேள்வி: ஆபரேஷன் முடிவில் எண்ணும்போது மாப் (ரத்தம் ஒற்றும் துணி) ஒன்று குறைந்தால்?

பதில்: வயிற்றை மூடக் கூடாது. வாளி, துணிமூட்டை, தரை, சர்ஜனின் காலடி. கிடைக்காவிட்டால் மேஜையிலேயே எக்ஸ்ரே. மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்திருந்தால்தான் அதுவும் உதவும்.