தேங்காய் நிமிர்ந்தது, தண்ணீர் வந்தது

அன்புள்ள ஐயா,

பல்லடம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. 2016இல் கிணற்று மேட்டில் ஒரு போர் போட்டோம். 700 அடி வரைக்கும் வெறும் புழுதிதான் பறந்தது. போன மாதம் மறுபடி போர் போட முடிவானபோது பெரியப்பா நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டி வந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். வேலியோரம் ஓரிடத்தில் அது நிமிர்ந்தது. "இதெல்லாம் மூடநம்பிக்கை, பலிக்காது, இங்கே தண்ணீர் வராது" என்று சொன்னேன். 420 அடியில் வந்துவிட்டது. "தண்ணி வந்திருச்சே, இப்ப என்ன சொல்ற?" என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. என் வாதத்தில் எங்கே பிசகு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தண்ணீர் வந்ததில் எனக்கும் சந்தோஷம்.

பிசகு உங்கள் முதல் பேச்சிலேயே இருக்கிறது. தேங்காய்க்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்பது ஒரு கூற்று. இங்கே தண்ணீர் வராது என்பது வேறு கூற்று. நீங்கள் நம்பியது முதலாவது. வாயில் வந்தது இரண்டாவது. பாறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும்தான் தெரியாதே. பெரியப்பா வீழ்த்தியது இரண்டாவதை மட்டும்தான். முதலாவதும் சேர்ந்து விழுந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துவிட்டார்கள், நீங்கள் உட்பட. அப்புறம், மூடநம்பிக்கை என்பதால் பலிக்காது என்றீர்கள். பலிக்காது என்பதால்தானே அதை மூடநம்பிக்கை என்கிறோம்? அது காரணம் ஆகாது, முடிவையே இன்னொரு தடவை சொல்வதுதான்.

இந்த மாதிரி நேரத்தில் நான் எடுத்துப் பார்ப்பது மணிமேகலையின் 29ஆம் காதையை. கதைக்காகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற பகுதி. எனக்கு அந்தக் காப்பியத்தில் மிகவும் பிடித்த பகுதி. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதத்தின் உறுப்புகளைச் சொல்லித் தருகிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ வந்தது. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். மற்ற இரண்டும் இவற்றை மலையோடு பொருத்தி முடித்து வைப்பவை.

ஏதுவுக்கு அவர் வைக்கும் சோதனைதான் முக்கியம். நாம் பேசுகிற மலையில் புகை இருக்க வேண்டும். நெருப்புள்ள வேறு இடத்திலும் இருக்க வேண்டும். நெருப்பில்லாத இடத்தில் இருக்கவே கூடாது. இந்த மூன்றாவதை விபக்கம் என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்கிறார். நாம் நிறுவ வந்தது இல்லாத இடம்தான் விபக்கம். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு தண்ணீர்: அங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அடுக்களையை மட்டும் காட்டி முடித்துவிட்டால் வேலை பாதிதான் ஆகியிருக்கிறது.

இப்போது பெரியப்பாவின் வாதத்தை அடுக்கிப் பாருங்கள். வேலியோரம் தண்ணீர் உண்டு, தேங்காய் நிமிர்ந்ததால், அது நிமிர்ந்து தண்ணீர் வந்த மற்றத் தோட்டங்களைப் போல. இது அடுக்களை. தண்ணீர் இல்லாத இடத்தில் தேங்காய் படுத்தே கிடக்கிறதா? அதை யாரும் பார்க்கவில்லை. தேங்காய் நிமிராத இடத்தில் போர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி யார் பணத்தைக் கொட்டுவார்கள்? ஈரத்திலும் வறட்சியிலும் ஒரே மாதிரி நிமிர்கிறது என்றால் அந்த ஏது எதையும் நிறுவாது. அடிகள் இதற்கும் ஓர் உதாரணம் தருகிறார்: ஒலி நிலையற்றது, அறியப்படுவதால். நிலையற்ற குடமும் அறியப்படுகிறது, நிலையான ஆகாயமும் அறியப்படுகிறது. இரண்டு பக்கமும் சாய்கிற ஏது.

விபக்கத்தைச் சோதிக்க ஜெர்மனியில் முயன்றிருக்கிறார்கள். 1980களின் கடைசியில் மியூனிக் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நீரோட்டம் பார்ப்பவர்கள் 43 பேரை நடக்க விட்டார்கள். மொத்தம் 843 சோதனை. சிலருக்குத் திறமை இருப்பதாக நடத்தியவர்கள் சொன்னார்கள். பிறகு ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே எண்களை எடுத்துப் பார்த்து, ஒரு தடவை சரியாகச் சொன்னவரே அடுத்த தடவை தவறுகிறார், குருட்டாம்போக்கில் சொல்வதைவிட இது மேல் இல்லை என்று காட்டினார்.

அதற்காக அந்த மனிதரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். தான் அசைக்கிறோம் என்று தெரியாமலே கை அசையும். அவர் மனதார நம்பித்தான் நடந்திருப்பார்.

சரி, வீட்டில் என்ன சொல்வது? விபக்கம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது, கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிணற்று மேட்டில் புழுதி பறந்த போருக்கு இடம் குறித்தது யார்? அன்றைக்கும் தேங்காய் நிமிர்ந்ததா? பெரியப்பாவிடம் மரியாதையாகக் கேளுங்கள். அங்கே நிமிரவில்லை என்று சொன்னால் அவர் பக்கம் ஒரு சான்று கூடுகிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.