ஒரே முகவரியில் கிடக்கும் பிட்காயின்

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் பிளாக்செயின் மொத்தமும் உடைந்துவிடும் என்கிறார்களே? சில வருடங்களாக ஒரே முகவரியில் பிட்காயின் வைத்திருக்கிறேன். இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: மொத்தமும் உடையாது. பிளாக்குகளைக் கோத்து நிற்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ், அதாவது எந்தத் தகவலையும் திரும்பப் பிரிக்க முடியாத குறுகிய எண்ணாக்கும் கணக்கு, ஓரளவு தாங்கும். ஆபத்து, காசு உங்களுடையது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துக்குத்தான். போதிய பலமுள்ள குவாண்டம் கணினி இருந்தால் கையெழுத்தைச் சரிபார்க்கும் பப்ளிக் கீயிலிருந்து, கையெழுத்துப் போடும் ரகசியமான பிரைவேட் கீயைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதற்கு 1994-லேயே கணிதவியலாளர் பீட்டர் ஷோர் வழி காட்டிவிட்டார். இன்றுள்ள கருவிகளுக்கு அந்தப் பலம் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது 'ஒரே முகவரி' என்ற சொல்தான். அதிலிருந்து ஒரு முறையாவது பணம் அனுப்பியிருக்கிறீர்களா? 1 என்றோ bc1q என்றோ தொடங்கும் முகவரிகளில் பப்ளிக் கீ ஹேஷுக்குப் பின்னால் மறைந்திருக்கும். முதல் முறை செலவழிக்கும்போது அது வெளியே வந்துவிடும், அப்புறம் யாராலும் அழிக்க முடியாது. bc1p முகவரிகளில் பணம் வந்து சேரும்போதே அது வெளியில்தான். அனுப்பியிருந்தாலோ, உங்களுடையது bc1p முகவரியாக இருந்தாலோ, bc1q-வில் புது முகவரி எடுத்து மீதி முழுவதையும் மாற்றிவிடுங்கள். அதற்கு முன் மீட்புச் சொற்கள் (வாலெட்டைத் திரும்பப் பெற உதவும் ரகசியச் சொற்கள்) சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான். புது முகவரியிலிருந்து செலவழிக்கும்போதும், பரிவர்த்தனை பிளாக்கில் ஏறும் வரை, சராசரியாகப் பத்து நிமிடம், காசு இன்னும் நகராமல் இருக்க, கீ எல்லோர் கண்ணிலும் படும்.

நிரந்தரத் தீர்வு கையெழுத்தையே மாற்றுவது. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் அதற்கான தரநிலைகளை வெளியிட்டது. பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை. சோதனைக்காக நான் வைத்திருக்கும் பிளாக்செயினில், அந்தத் தரநிலைகளில் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏ கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். சுமார் 70 பைட் கையெழுத்து இருந்த இடத்தில் 2,420 பைட், 33 பைட் கீ இருந்த இடத்தில் 1,312 பைட். எண்களைப் படித்தபோது உறைக்காதது, நாலைந்து பரிவர்த்தனையிலேயே என் சின்ன பிளாக் நிரம்பியபோது உறைத்தது. ஹேஷை மட்டுமே நம்பும் இன்னொரு தரநிலையான எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏவின் கையெழுத்து இன்னும் பெரிது, 7,856 பைட்டில் தொடங்குகிறது. ஆனாலும் என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. புதுக் கணிதம் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது: வேறொரு கணிதத்தை நம்பிய சைக் என்ற முறை, நிஸ்ட் பரிசீலனையில் இருக்கும்போதே, 2022-இல் சாதாரணக் கணினியில் ஒரு மணி நேரத்தில் உடைந்தது.

சரி, கீயைத் தொலைத்தவர்களும் இறந்துபோனவர்களும் விட்டுப்போன காசு? 2009-இல் கிடைத்த பல காசுகளின் பப்ளிக் கீ அப்படியே திறந்து கிடக்கிறது. அவற்றை முடக்குவது சொத்துரிமையில் கை வைப்பது என்றுதான் நெடுநாள் வாதாடினேன். இப்போது மாறிவிட்டேன். பல ஆண்டு முன்னறிவிப்பு கொடுத்துப் பழைய கையெழுத்தை நிறுத்திவிடலாம். முதலில் குவாண்டம் கருவி செய்தவன் கையில் அவ்வளவும் போய்ச் சேர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: 'குவாண்டம் பாதுகாப்பு வாலெட்டுக்கு மாறுங்கள்' என்று வந்த செய்தி என் 12 மீட்புச் சொற்களைக் கேட்கிறது. தரலாமா?

பதில்: தராதீர்கள், அது திருட்டு. பிட்காயின் வலைப்பின்னலே இன்னும் குவாண்டத்தைத் தாங்கும் கையெழுத்துகளை ஏற்காதபோது ஒரு வாலெட் மட்டும் என்ன பாதுகாப்பு தந்துவிடும்? ஏற்கெனவே தந்துவிட்டிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் புதுச் சொற்களோடு வேறு வாலெட் திறந்து காசை மாற்றுங்கள்.