பிள்ளை கையில் போன், போனில் வெறுப்பு: சயாமாவிடம் கேளுங்கள்

மியான்மரின் யாங்கோன் நகரில் வார நாள்களில் கணினியும் வார இறுதியில் தமிழும் சொல்லித்தரும் சயாமா, அதாவது ஆசிரியை, நான். இணையத்தில் வரும் வெறுப்புப் பேச்சைப் பிள்ளைகள் எப்படித் தாங்குவது, வகுப்பில் அதை எப்படிச் சொல்லித்தருவது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள். கேள்வியோடு அந்தப் பதிவின் படத்தையும் சேர்த்து அனுப்பாதீர்கள். கண்டிப்பதற்காக அனுப்பினாலும் அது இன்னொரு போனுக்குப் போய்விடுகிறது.

யாங்கோனிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 13 வயது. வகுப்பு வைபர் குரூப்பில் அவன் நிறத்தையும் நெற்றித் திருநீற்றையும் வைத்து ஸ்டிக்கர் செய்து போடுகிறார்கள். போனை வாங்கி வைத்துவிடலாமா சயாமா?

வேண்டாம் அம்மா. போனை வாங்கினால் அவனைப் பற்றி எழுதுவது நிற்காது, அவன் உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும். இன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குரூப்பை மேலிருந்து கீழ்வரை அவனோடு சேர்ந்து பாருங்கள். போட்டது யார், சிரித்தது யார், பேசாமல் இருந்தது யார் என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் போடுவது ஒன்றிரண்டு பேர்தான். பேசாமல் இருக்கும் கூட்டம் பெரிது, அதில் அவனுக்கு வேண்டியவர்களும் இருப்பார்கள். தேதி தெரியும்படி படமெடுத்து வகுப்பாசிரியரிடம் நேரில் காட்டுங்கள். வேறு எந்தக் குரூப்பிலும் போடாதீர்கள்.

பெகுவிலிருந்து ஒரு தமிழ் வகுப்பு ஆசிரியர்: முதல் பாடத்தை எங்கே தொடங்குவது? பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தொடங்கலாமா?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொய்யா மெய்யா என்று தொடங்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு, "நாளை நம் தெருவுக்கு ஆள் வருகிறார்கள்" என்று ஒரு செய்தி வந்தால் பதினான்கு வயதுப் பிள்ளை ஆதாரம் தேடிக்கொண்டிருக்காது. பயந்து, உடனே நாலு பேருக்குத் தட்டிவிடும். பெரியவர்களும் அதைத்தான் செய்கிறோம். அதனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்தச் செய்தி என்னை என்ன செய்யச் சொல்கிறது, யாரைக் கண்டு பயப்படச் சொல்கிறது?

இதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 2017 செப்டம்பரில் ஃபேஸ்புக் மெசெஞ்சர் வழியாக இரண்டு சங்கிலிச் செய்திகள் பரவின. ஒன்று பௌத்தர்களுக்கு: செப்டம்பர் 11 அன்று முஸ்லிம்கள் தாக்கப்போகிறார்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள். மற்றொன்று முஸ்லிம்களுக்கு: அதே நாளில் பௌத்தத் தீவிரவாதிகள் வரப்போகிறார்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பயந்தார்கள், இரண்டு பக்கமும் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஃபேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பெர்க் ஒரு பேட்டியில் தங்கள் நிறுவனமே அதைக் கண்டுபிடித்துத் தடுத்ததாகச் சொன்னபோது, இங்குள்ள குடிமை அமைப்புகள் பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தன. கண்டுபிடித்துச் சொன்னது தாங்கள்தான், அதற்குள் செய்தி நாடெங்கும் போய்விட்டது என்றார்கள்.

வகுப்பில் இப்படிச் செய்யுங்கள். மதப் பெயர்களை எடுத்துவிட்டு, மேலூர்க்காரர், கீழூர்க்காரர் என்று மாற்றி இரண்டு செய்திகளையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு செய்தி கொடுங்கள். எதிர்த்தரப்புக்கும் ஒரு தாள் போயிருப்பதைச் சொல்லவேண்டாம். கீழே மூன்று கட்டம்: யாரைக் கண்டு பயம், எப்போது நடக்கும், நான் என்ன செய்யவேண்டும். நிரப்பியதும் தாளை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள். இரண்டிலும் "உடனே அனுப்பு" என்று ஒரே வரி. "சயாமா, அப்ப எழுதினது ஒரே ஆளா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் பாடம் நடத்தவே தேவைப்படவில்லை.

பெற்றோரையும் ஒரு நாள் இதே வகுப்பில் உட்காரவையுங்கள். 2014இல் சிம் கார்டு 1500 கியாட்டுக்கு இறங்கியபோது கணினி, மின்னஞ்சல் எதையும் தொடாமலே நேராக ஃபேஸ்புக்கில் போய் இறங்கியவர்கள் நாம். நமக்கும் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

மாண்டலேயிலிருந்து: பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க நல்ல ஆப் எது?

அப்படி ஓர் ஆப் கிடையாது.

தட்டோனிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பழைய படத்தைப் புதிது என்று போடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் படம் சரிபார்க்கச் சொல்லித்தர முடியுமா?

முடியும், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடமும் இதுதான். ஒரு படம் இணையத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தேட கூகுள் லென்ஸ் போதும், டின்ஐ (TinEye) தளமும் உண்டு. படத்தை அப்படியே தேடாமல், மேலே ஒட்டியிருக்கும் எழுத்தை வெட்டிவிட்டுத் தேடவேண்டும். கிடைக்காவிட்டால் இடவலமாகத் திருப்பித் தேடவேண்டும்.

ஏன் திருப்பவேண்டும்? 2018 ஜூலையில் ராணுவத் தரப்பு வெளியிட்ட ஒரு புத்தகத்தில் ரோஹிங்கியாக்களைப் பற்றிய பழைய படங்கள் என்று சில இருந்தன. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் சரிபார்த்தபோது மூன்று படங்கள் பொய் என்று தெரிந்தது. வங்காளிகள் (ராணுவம் ரோஹிங்கியாக்களை அப்படித்தான் அழைக்கிறது) உள்ளூர்க்காரர்களைக் கொன்றதாகப் போட்ட படம் 1971 டாக்காவில் எடுத்தது. நாட்டுக்குள் கூட்டமாக நுழைகிறார்கள் என்று போட்டது, 1996இல் தான்சானியாவில் ஓர் அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த ருவாண்டா அகதிகள் படம். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பழையது போலக் காட்டியிருந்தார்கள். மூன்றாவது, 2015இல் நாட்டை விட்டுப் போனவர்களின் படகு. அதைத் திருப்பி, உள்ளே வருகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். சில நாளில் ராணுவத்தின் மியவதி நாளிதழ் தவறான படங்களுக்கு மன்னிப்புக் கேட்டது.

இது ஆசிரியர்கள் தெரிந்துகொள்வதற்கு. இன்றைய நிலையில் இதை வகுப்பில் அச்சடித்துக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு நம் ஊர்க் குளம், கோயில் தேர், புத்த பகோடா படங்களை எடுத்து நிறம் மாற்றி, திருப்பி, பொய்த் தலைப்பு போட்டு அவர்களையே கண்டுபிடிக்க வையுங்கள். கை பழகினால் போதும்.

பெகுவிலிருந்து: எந்த வயதில் போன் கொடுக்கலாம்?

அது உங்கள் வீட்டு முடிவு. கொடுக்கும் அன்றே மேலே சொன்ன முதல் பாடத்தையும் கொடுங்கள்.

மோல்மேனிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐயா: இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் இழிவாகச் சொல்லும் "கலா" என்ற சொல்லை வகுப்பில் அடியோடு தடை செய்தால் என்ன? அந்த ஒரு சொல்தான் நம் பிள்ளைகளைக் குத்துகிறது.

ஐயா, அந்தச் சொல் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். பள்ளி வாசலிலும் சந்தையிலும் அதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் தடை போட்டால் என்ன ஆகும் என்று 2017இல் பார்த்தோம். ஃபேஸ்புக் அந்தச் சொல்லைத் தேடி நீக்கத் தொடங்கியபோது "கலாபே" என்று கடலைப் பருப்பைப் பற்றி எழுதியவர்களின் பதிவும் போனது, அந்தச் சொல்லால் தாங்கள் பட்ட அவமானத்தை எழுதியவர்களின் பதிவும் போனது. வெறுப்பை எழுதுகிறவர்கள் எழுத்தை மாற்றிக்கொண்டு மறுநாளே வந்துவிட்டார்கள். வகுப்பிலும் அதேதான் நடக்கும். சொல்லைத் தடுத்தால் ஒரு குரங்கு ஸ்டிக்கர் போதும் அவர்களுக்கு.

மறுபடி மோல்மேனிலிருந்து, வேறொரு தம்பி: ஐயா சொல்வதுதான் சரி அக்கா. சொல்லை விட்டுவைத்தால் அது சகஜமாகிவிடும். என் பாட்டியை முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி, யாரும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால் நான் அங்கேயே வகுப்பை நிறுத்துவேன். நான் சொல்வது, அதோடு பாடம் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்பதுதான். இந்தியர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிராக இங்கே மூண்ட 1938 ஜூலைக் கலவரத்தில் போனும் இல்லை, ஃபேஸ்புக்கும் இல்லை. விசாரணைக் குழு, அன்றைய பத்திரிகைகள் மூட்டிவிட்டதைத் தன் அறிக்கையில் எழுதியது. அடித்தவர்களை அடிக்க வைத்தது கதை. சொல் அந்தக் கதைக்குள் வருகிற ஒன்று. பிள்ளைகளுக்குக் கதையைப் பிடிக்கத் தெரியவேண்டும்: "அவர்கள் எல்லோரும் இப்படித்தான்", "நம் பெண்களுக்கு ஆபத்து", "இப்போதே ஏதாவது செய்". இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அது ஆபத்தான பதிவு.

2014இல் மாண்டலேயில் நடந்ததைப் பாருங்கள். தேநீர்க் கடைக்கார முஸ்லிம் ஒருவர் தன்னிடம் வேலை பார்த்த பௌத்தப் பெண்ணைக் கெடுத்துவிட்டதாக ஒரு பதிவு. முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பெயர்போன விராத்து என்ற பிக்கு அதைப் பகிர்ந்தார். ஜூலை 1ஆம் தேதி கலவரம் வெடித்தது, இரண்டு உயிர் போனது, ஒருவர் முஸ்லிம், ஒருவர் பௌத்தர். குற்றச்சாட்டே பொய் என்று பிறகு தெரிந்தது.

தட்டோனிலிருந்து: மன்னிக்கவும், ஆனால் நாம் அந்தக் கலா இல்லை, நாம் இந்துக்கள், தமிழர்கள் என்று பிள்ளைகளுக்கு விளங்கவைத்தாலே பாதிப் பிரச்சினை தீருமே?

தீராது. இதைச் சொல்லாமல் இந்தப் பகுதியை நான் முடிக்கமாட்டேன். "நாங்கள் அவர்கள் இல்லை, அவர்களை அடியுங்கள்" என்று சொல்லித் தப்பிக்கும் பாடத்தைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தராதீர்கள். அடிக்க வருகிறவன் திருநீறு இருக்கிறதா, தொப்பி இருக்கிறதா என்று பார்த்து வருவதில்லை. 1930இல் யாங்கோன் துறைமுகத்தில் மூண்ட கலவரத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களும் இந்துக்கள்தான். நம்மிலேயே தமிழ் பேசும் முஸ்லிம்கள் பலர் இருக்கிறார்கள், ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஆத்திசூடி படிக்கிறார்கள். அந்தப் பிள்ளை உங்கள் பதிலைக் கேட்டால் என்ன நினைக்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன். ரோஹிங்கியாக்களைப் பற்றி வந்த எத்தனையோ பொய்ப் படங்களை நம் தமிழ்க் குடும்பக் குரூப்புகளிலும் பார்த்தேன். அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை, கோயில் அன்னதானத்துக்கு முதலில் கை நீட்டிக் கொடுப்பவர்கள். நம் பிள்ளைக்கு எதிராக வந்தால் வெறுப்பு, நம் பக்கத்திலிருந்து போனால் செய்தி என்று வீட்டில் இருந்தால், வகுப்பில் நான் சொல்வது எதுவும் நிற்காது.

இதற்கு மேலும் பலர் எழுதியிருக்கிறீர்கள், இரு பக்கமும். என் பதில் இதுதான், அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

யாங்கோனிலிருந்து: சரிபார்க்க ஏதாவது ஆப் சொல்லுங்களேன் சயாமா.

மேலே தட்டோன் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மாண்டலேயிலிருந்து ஓர் அப்பா: புகார் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைக்கு அதைச் சொல்லித்தந்து என்ன பயன்?

உங்கள் கோபம் நியாயம். 2015 தொடக்கத்தில் பர்மிய மொழி தெரிந்து ஃபேஸ்புக் பதிவுகளைப் பார்த்தவர்கள் இரண்டே பேர் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. இத்தனை பெரிய நாட்டுக்கு இரண்டு பேர். 2018இல் ஐ.நா. விசாரணைக் குழுத் தலைவர், ரோஹிங்கியாக்களுக்கு எதிராக இங்கே நடந்ததில் சமூக ஊடகம் தீர்மானிக்கும் பங்கு வகித்தது என்றார். அதே ஆண்டு நவம்பரில் தாங்கள் போதுமான அளவு செய்யவில்லை என்று ஃபேஸ்புக் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஆனாலும் சொல்லித்தாருங்கள், சரியாகச் செய்யச் சொல்லித்தாருங்கள். "பிடிக்கவில்லை" என்பதை அழுத்தாமல் வெறுப்புப் பேச்சு என்ற வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். முழுப் பக்கத்தையும் விட்டுவிட்டுக் குறிப்பிட்ட பதிவைப் புகார் செய்யவேண்டும். இணைப்பையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கவேண்டும். அழிந்தாலும் அழியாவிட்டாலும், பகிர்வதைத் தவிரத் தன்னால் வேறொன்றும் செய்யமுடியும் என்று பிள்ளைக்குத் தெரியும்.

யாங்கோனிலிருந்து ஓர் இளைஞர்: மாணவர்களை வைத்து எதிர்க் கருத்து எழுதவைக்கலாமா? 2014இல் பன்சகா இயக்கம் அப்படித்தானே?

பன்சகா அருமையான முயற்சி. வாயில் பூ வைத்துப் படமெடுத்துப் போட்டார்கள், பூப்போன்ற பேச்சு வேண்டும் என்றார்கள். ஆனால் அது பெரியவர்கள், தங்கள் முகத்தோடு, 2014இல் செய்தது. இன்று டெலிகிராமில் ஒருவரின் பெயர், வீடு, படம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு அவரைக் கைது செய்யவைக்கும் சேனல்கள் இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே வாதாட அனுப்பாதீர்கள். பூ வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டட்டும்.

பெகுவிலிருந்து: ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரியிலிருந்து ஃபேஸ்புக்குக்கே, தடையைத் தாண்டி இணையம் பார்க்க உதவும் விபிஎன் வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் பயன்படுத்தலாமா?

2025 ஜனவரியில் வந்த சைபர் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதியில்லாமல் விபிஎன் சேவை நடத்துவதற்குத் தண்டனை இருக்கிறது. சட்டம் என் துறை இல்லை, வழக்கறிஞரிடம் கேளுங்கள். வழியில் சோதனை செய்கிறவர்கள் போனைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பிள்ளையின் போனில் தேவையில்லாத எந்தப் படமும் இருக்கக்கூடாது. கண்டிப்பதற்காக வைத்திருந்தேன் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

மாண்டலேயிலிருந்து: 2025 மார்ச் நிலநடுக்கத்தின்போது ஏஐ வீடியோக்கள் நிறைய வந்தன. அதைக் கண்டுபிடிக்க ஆப்...

ஆப் இல்லை. யார் எடுத்தது, எந்தத் தெரு, அதே இடத்தை வேறு யாராவது எடுத்திருக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்த் தெருவை உங்கள் பிள்ளையை விட நன்றாக அறிந்த மென்பொருள் கிடையாது.

மோல்மேனிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி: குடும்பக் குரூப்பில் மாமாதான் இந்த மாதிரிச் செய்திகளை அனுப்புகிறார். நான் சின்னப் பெண், எப்படிச் சொல்வது சயாமா?

குரூப்பில் சொல்லாதே அம்மா. எல்லோர் முன்னாலும் சொன்னால் அவர் தன் பக்கத்தை விடமாட்டார். தனியாக எழுது: "மாமா, இந்தப் படம் எங்கே கிடைத்தது? நான் தேடினேன், 2014 என்று வருகிறது. நீங்களும் பார்த்துச் சொல்லுங்களேன்." தேடிக் கிடைத்த பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துவிடு, அந்தப் படத்தை மட்டும் மறுபடி அனுப்பாதே. பதில் வராவிட்டால் அடுத்த முறை அம்மாவோ பாட்டியோ கேட்கட்டும். கேட்டது பாட்டி என்றால் மாமா கட்டாயம் பதில் சொல்வார்.