பி.காம் படிச்சிட்டு ஜெனீவா வந்த தம்பிக்கு

தம்பி, நீ கேட்டத ரெண்டு தடவ படிச்சேன். காலடிப்பேட்டை பையன், பி.காம் முடிச்சிட்டு பாரிமுனைல ஒரு சிஎச்ஏ ஆபீஸ்ல, அதான் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுகிட்ட, மூணு வருஷம் எக்ஸ்போர்ட் சரக்குக்கு ஷிப்பிங் பில் போட்டுட்டு இருந்துட்டு, இப்ப மாஸ்டர்ஸுக்கு ஜெனீவா வந்து ரெண்டு மாசம் ஆவுது, கூட படிக்கறவங்க எல்லாம் பெரிய பெரிய காலேஜ்ல எகனாமிக்ஸ் படிச்சவங்களா இருக்காங்க, ட்ரேட், டெவலப்மென்ட்னு வேலை பாக்கற எகனாமிஸ்டுங்க எல்லாரும் இப்டித்தானா, அந்த மூணு வருஷத்த சி.வி.ல இருந்து, அதான் பயோடேட்டாவுல இருந்து, தூக்கிடவான்னு கேட்டிருக்க. தூக்காத. மொதல்ல அத சொல்லிடறேன். மீதிய பொறுமையா எழுதறேன், லீவுக்கு ராயபுரம் வந்திருக்கேன், மொட்ட மாடில உக்காந்து டைப் பண்றேன், கீழ கன்டெய்னர் லாரி ஹாரன் சத்தம் நிக்கவே மாட்டேங்குது.

நான் ஜெனீவாவுக்கு போயி 14 வருஷம் ஆச்சு பா. எல்லாரும் ஒரே மாதிரி படிச்சிட்டு வந்தவங்கன்னு நானும் மொதல்ல அப்டித்தான் நெனச்சேன். ஆர்தர் லூயிஸ்னு ஒருத்தர், டெவலப்மென்ட் எகனாமிக்ஸ்ல அவர் பேர் வராத சிலபஸே கிடையாது, செயின்ட் லூசியான்னு சின்ன தீவு, 14 வயசுல ஸ்கூல முடிச்சிட்டு கிளார்க் வேலைக்கு போனவரு. இன்ஜினியர் ஆவணும்னு ஆசை, கருப்பருக்கு அந்த வேலை யாரும் குடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு லண்டன்ல போயி படிச்சது என்ன தெரியுமா, காமர்ஸ் டிகிரி. உன்னோடது தான் பா. 1979ல நோபல் வாங்கினாரு. டின்பர்கன்னு இன்னொரு பெரிய எகனாமிஸ்ட் இருக்காரே, அவர் பிஎச்டி பிசிக்ஸ்ல. ரெண்டு நாட்டோட சைஸும் நடுவுல இருக்கற தூரமும் தான் வியாபாரத்த தீர்மானிக்குதுன்னு 1962ல கிராவிட்டி கணக்கு போட்டாரு, அத உங்க வாத்தியார் இந்நேரம் போர்டுல எழுதியிருப்பாரு. 2013ல டபிள்யூடிஓ, அதான் உலக வர்த்தக அமைப்பு, அதுக்கு தலைவரா வந்த அசெவேடோ எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிச்சிட்டு பிரேசில் வெளியுறவுல சேந்தவரு. அங்க்டாட், அதான் ஐநாவோட வர்த்தக, வளர்ச்சி அமைப்பு, 1964ல ஆரம்பிச்சப்ப மொத தலைவர் பிரெபிஷ், அதுக்கு முன்னாடி அர்ஜென்டினா சென்ட்ரல் பேங்க நடத்தினவரு.

பெரிய ஆளுங்க கதைய சொல்லி ஆறுதல் சொல்றேன்னு நெனைக்காத. ஜெனீவா ஆபீஸ் காரிடார்ல நடந்து போனாலும் அதே கலவ தான். பிஎச்டி கூட்டம் ஒண்ணு, ஊர்ல காமர்ஸ் மினிஸ்ட்ரி, கஸ்டம்ஸ்னு இருந்துட்டு வந்தவங்க ஒண்ணு, அப்பறம் வக்கீலுங்க, எங்க பாத்தாலும் வக்கீலுங்க.

எனக்கு நடந்தத சொல்றேன் கேளு. நான் பாரதி காலேஜ்ல மேத்ஸ், அப்பறம் எம்.ஏ எகனாமிக்ஸ். ஜெனீவால ஒரு இடத்துல, பேர் வேணாம், ஆறு மாச கான்ட்ராக்ட். இந்தியாவோட ஃப்ரோசன் இறால் எக்ஸ்போர்ட் டேட்டாவ இழுத்து கிராப் போட்டா 2012ல அப்டியே தரைல விழுது. ஏதோ புதையல் கெடச்ச மாதிரி நாலு பக்கம் எழுதிட்டேன், டாலர் ரேட்டு, நோய், டிமாண்டுன்னு காரணம் வேற அடுக்கிட்டேன். பக்கத்து சீட்ல ஒருத்தரு, அவங்க ஊர்ல கஸ்டம்ஸ்ல இருந்தவரு, பிஎச்டி எல்லாம் கெடையாது, ஸ்கிரீன எட்டி பாத்துட்டு இறால் எங்கியும் போவலமா, நம்பர் தான் மாறிடுச்சுன்னாரு. ஒவ்வொரு சரக்குக்கும் உலகம் பூரா கஸ்டம்ஸ்ல ஒரு நம்பர் இருக்குல்ல, எச்.எஸ். கோடு, அந்த வருஷம் அத திருத்தினாங்க, 030613ன்னு ஒண்ணா இருந்தத எடுத்துட்டு குளிர்தண்ணி இறாலுக்கு 030616, மத்ததுக்கு 030617ன்னு பிரிச்சிட்டாங்க. நான் செத்துப்போன கோட புடிச்சிக்கினு தொங்கிட்டு இருந்திருக்கேன். காசிமேட்டு ஏலச் சத்தத்துல வளந்தவ, இறால்லயே கோட்ட விட்டேன். அந்த நாலு பக்கத்த கிழிச்சி போட்டேன், அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு எறங்கல. நீயா இருந்தா ரெண்டு நிமிஷத்துல புடிச்சிருப்ப, மூணு வருஷமா நீ பண்ணது அதான.

இறால்னதும் இன்னொண்ணு. ஆமை தப்பிக்கற மாதிரி வல வச்சா தான் உங்க இறால வாங்குவேன்னு அமெரிக்கா சொன்னதுக்கு இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலு பேரும் டபிள்யூடிஓல கேஸ் போட்டாங்க, 1998ல அப்பீல் தீர்ப்பு வந்துது. ஆமைய காப்பாத்தறது தப்பில்ல, ஆனா நாட்டுக்கு நாடு ஓரவஞ்சனையா நடத்தினது தப்புன்னாங்க. அந்த கேஸ்ல ஆமை ஆராய்ச்சி பண்றவங்கள கூப்ட்டு கருத்து கேட்டாங்க, பாத்துக்கோ, எந்த படிப்பு எங்க வந்து நிக்குதுன்னு. 2019ல திரும்ப அதே வல பிரச்சன, இந்தியாவுல கடல்ல புடிக்கற இறால அமெரிக்கா நிறுத்திச்சு, வளர்ப்பு இறாலுக்கு தட இல்ல. இத கிளாஸ்ல பேச சொன்னா உன் பக்கத்துல இருக்கறவன் பேப்பர பாத்து பேசுவான், நீ காசிமேட்டு போட்டுக்காரங்கள நெனச்சி பேசலாம்.

ஆனா உன்கிட்ட இல்லாததும் இருக்கு, மறைக்க மாட்டேன். கணக்கு. பி.காம் ஸ்டாடிஸ்டிக்ஸ் பத்தவே பத்தாது. எகனாமெட்ரிக்ஸ், அதான் டேட்டாவ வச்சு எகனாமிக்ஸ் கணக்கு போடறது, அந்த பேப்பர் எத்தன இருக்கோ அத்தனையும் எடு, ஸ்டாடா, ஆர்னு ரெண்டு கணக்கு சாப்ட்வேர் இருக்கு, அதுல ஒண்ண கை பழக்கம் ஆவற வரைக்கும் விடாத. டேட்டா தெரிஞ்சவனுக்கு மாடல் தெரியலன்னா கடைசி வரைக்கும் அடுத்தவனுக்கு டேபிள் போட்டு குடுத்துட்டு தான் இருக்கணும், அப்டி மாட்டிக்கிட்டவங்கள நான் பாத்திருக்கேன். பிரெஞ்சு ஆபீஸ்ல இல்லாட்டியும் ஓட்டிடலாம், வீடு தேடும்போது தான் தெரியும் அருமை.

காசு விஷயம், ஐநா இன்டர்ன்ஷிப்புக்கு சம்பளம் கெடையாது, அங்க்டாடும் அதுல தான் வருது, டபிள்யூடிஓல தினப்படி உண்டு. ஜெனீவா வாடகைல சும்மா ஆறு மாசம் வேலை பாக்க யாரால முடியும்னு யோசி, அங்க யாருங்க உள்ள வர்றாங்கன்றதுக்கு பாதி பதில் அதுலயே இருக்கு. எனக்கு இதுல இன்னும் கோவம் தான். அதனால மொதல்ல காசு குடுக்கற எடமா பாத்து போடு, வெக்கப்படாத.

சி.வி.ல டாக்குமெண்டேஷன் அசிஸ்டென்ட்னு மொட்டையா எழுதி வச்சிருக்க, அத மாத்தணும். என்ன சரக்கு, எச்.எஸ். கோடுல எந்த சாப்டர், எந்த நாட்டுக்கு, டிராபேக் கிளெய்ம், அதான் கட்டின வரிய திரும்ப வாங்கறது, பாத்தியா, கிளாசிபிகேஷன்ல கஸ்டம்ஸோட தகராறு வந்தப்ப நீ என்ன பண்ண, இதெல்லாம் வரணும். நம்ம பக்கம்னா சாப்டர் 41 தோலா இருக்கும், 64 செருப்பா இருக்கும், இல்ல 3, மீனு. உன்னோடது எதுன்னு எழுதி அனுப்பு, நான் அடுத்த வாரம் திரும்பி வந்துடுவேன், அந்த வரிய ரெண்டு பேரும் சேந்து எழுதலாம்.