காலிமுகத்திடல் வானமும் கறுத்துப்போகும் தரையும்: எச்டிஆர் நிலக்காட்சிப் படங்கள் பற்றிய கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: மாலையில் காலிமுகத்திடலில் படம் எடுத்தால் வானம் அழகாக விழுகிறது, ஆனால் புற்றரையும் மனிதர்களும் கறுத்துவிடுகிறார்கள். தரையைச் சரிசெய்தால் வானம் வெளுத்துப்போகிறது. கமராவில் கோளாறா, ஐயா?

கோளாறு எதுவும் இல்லை. சூரியனுக்கு அருகிலுள்ள மேகத்திற்கும் கடற்கரைச் சுவரின் நிழலுக்கும் இடையிலுள்ள வெளிச்ச வேறுபாடு, ஒரே படத்தில் சென்சர் பதியக்கூடிய எல்லையைத் தாண்டிவிடுகிறது. இந்த வேறுபாட்டை ஸ்டொப் என்ற அளவால் கணக்கிடுகிறோம். ஒரு ஸ்டொப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். இன்றைய நல்ல கமராக்கள் ரோ கோப்பில் (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) 12 முதல் 14 ஸ்டொப் வரை பதிகின்றன. சூரியனை நேரே பார்த்து எடுக்கும் காட்சி இதை எளிதில் மிஞ்சிவிடும். எனவே வானத்திற்கு ஒன்று, நடுவெளிச்சத்திற்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று எனப் பல படங்களை எடுத்து மென்பொருளில் ஒன்றாக்குகிறோம். எச்டிஆர், அதாவது உயர் வெளிச்ச வீச்சு, என்பது அடிப்படையில் இவ்வளவுதான். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பெரும்பாலும் இது தேவைப்படாது. ஒரேயொரு ரோ கோப்பே போதும். எந்தக் காட்சிக்கு இது வேண்டியதில்லை என்று அறிவதையே நான் முதல் பாடமாகச் சொல்வேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி: என்னிடம் ஆரம்பநிலைக் கமரா ஒன்றும் ட்ரைபொட் ஒன்றும் உள்ளன. எதை எப்படி வைக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்வீர்களா?

ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 100இலும், லென்ஸின் திறப்பான அபேச்சரை எஃப்/8இலும் நிறுத்துங்கள். படத்திற்குப் படம் அபேச்சர் மாறினால் தெளிவின் ஆழமும் மாறும், பிறகு படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே ஷட்டர் வேகம் மட்டுமே மாற வேண்டும். தூரத்துப் பொருளொன்றில் ஒருமுறை ஃபோக்கஸ் செய்துவிட்டு, அதைக் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இருண்ட படத்தில் லென்ஸ் தானாகவே வேறிடம் தேடும். வெள்ளைச் சமநிலையையும் ஒரே அமைப்பில் வையுங்கள். கமரா ட்ரைபொட்டில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிட்டு, 2 விநாடி டைமரைப் போடுங்கள்.

அடுத்தது பிரக்கட்டிங், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் அடுத்தடுத்து எடுப்பது. கெனன் கமராக்களில் இது ஏஇபி என்றும் நிக்கொனில் பிகேடி என்றும் இருக்கும். 3 படங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே 2 ஸ்டொப் என்று வைத்தால், ஷட்டர் வேகங்கள் எடுத்துக்காட்டாக 1/250, 1/60, 1/15 விநாடி என வரும். இதனால் ஒரே படத்தில் கிடைப்பதைவிட 4 ஸ்டொப் கூடுதலாகக் கிடைக்கிறது. சூரியன் சட்டகத்துக்குள்ளேயே இருந்தால் 1/1000, 1/4 ஆகிய இரண்டையும் சேர்த்து ஐந்தாக எடுங்கள். உங்கள் கமரா மூன்றுக்கு மேல் அனுமதிக்காவிட்டால் மனுவல் முறையில் ஷட்டரை நீங்களே மாற்றலாம். ட்ரைபொட் அசையாதபடி மெதுவாகத் திருப்புங்கள்.

எடுத்து முடிந்ததும் அவ்விடத்தைவிட்டு நகர முன்னர் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடது பக்கம் இருளையும் வலது பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபு அது. மிக இருண்ட படத்தில் வரைபு வலது விளிம்பில் முட்டக்கூடாது. மிக வெளிச்சமான படத்தில் இடது விளிம்பில் முட்டக்கூடாது. சூரிய வட்டம் மட்டும் வெளுத்திருந்தால் கவலைப்பட வேண்டாம், அது நம் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது.

தெஹிவளையிலிருந்து ஓர் இல்லத்தரசி: என்னிடம் கைத்தொலைபேசி மட்டுமே இருக்கிறது. அதில் முடியாதா?

முடியும். இன்றைய பெரும்பாலான தொலைபேசிகள் நீங்கள் ஒருமுறை அழுத்தும்போதே பல படங்களை எடுத்துத் தாமே இணைத்துவிடுகின்றன. வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு எடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மென்பொருள் பொறியியலாளர்: பேர வாவிக்கரையிலிருந்து தாமரைக் கோபுரத்தை எடுத்து இணைத்தேன். கோபுரத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவளையம் தெரிகிறது, மேகங்கள் அழுக்குச் சாம்பலாக இருக்கின்றன. நண்பர்கள் ‘ஓவியம் போல இருக்கிறது’ என்கிறார்கள், பாராட்டாக அல்ல.

இணைத்த கோப்பிலுள்ள வெளிச்ச வீச்சு சாதாரணத் திரைக்குள் அடங்காது. ஆகவே மென்பொருள் அதைச் சுருக்க வேண்டியிருக்கிறது. டோன் மெப்பிங் எனப்படும் இச்சுருக்கலில், மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டைப் பகுதியின் சராசரியோடு ஒப்பிட்டு, வெளிச்சமான இடத்தை அமுக்கி, இருண்ட இடத்தை உயர்த்துகிறது. கோபுரத்தின் ஓரத்தில் உள்ள வானத்துக்கு அண்டைப் பகுதியாக இருண்ட கோபுரமும் அமைந்துவிடுவதால், அந்த இடத்து வானம் மட்டும் போதியளவு அமுக்கப்படாமல் மிஞ்சிவிடுகிறது. உங்கள் வளையம் அதுவே. டோன் மெப்பிங்கின் வலுவைக் காட்டும் அளவுகோலை அரைவாசிக்குக் கீழே இறக்குங்கள், விளிம்புகளை எடுப்பாக்கும் கிளாரிட்டியையும் குறையுங்கள். இன்னொரு வழியும் உண்டு: 2007இல் மெர்டென்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட எக்ஸ்போசர் ஃபியூஷன் முறை, டோன் மெப்பிங் இல்லாமலே ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதிகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கலக்கிறது. தொடங்குபவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். இலவச மென்பொருளான ஹியூகினோடு வரும் என்ஃபியூஸ் இவ்வகைக் கலவையைச் செய்து தரும்.

படம் இயல்பாக இருக்கிறதா என்று சோதிக்க ஓர் உறுதியான வழி இருக்கிறது. வாவி நீரில் தெரியும் வானத்தின் பிம்பத்தையும் மேலே உள்ள வானத்தையும் அருகருகே பாருங்கள். நீர் தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடுவதால், பிம்பம் ஒருபோதும் தான் பிரதிபலிக்கும் வானத்தைவிட வெளிச்சமாக இருக்க முடியாது. உங்கள் படத்தில் நீர் வானத்தை முந்திவிட்டால், எவ்வளவு அழகாகத் தோன்றினாலும் நிழலை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டீர்கள். நிழலுக்கும் படத்தில் இடம் உண்டு. கரையோர மரங்களுக்கு அடியிலுள்ள ஒவ்வொரு இலையும் தெரிந்தாக வேண்டும் என்ற ஆசையே பல நல்ல படங்களைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கல்கிசையிலிருந்து ஓர் ஆசிரியர்: தென்னோலைகள் இரண்டு மூன்றாகத் தெரிகின்றன. அலைகளும் அப்படியே.

படங்களுக்கு இடையில் அவை அசைந்துவிட்டன. இணைக்கும்போது ‘டீகோஸ்ட்’ என்ற தெரிவைப் போட்டால், அசைந்த பகுதிகளை ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஓலைக்கு அது பெரும்பாலும் போதும். அலைக்கு, உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தின் கடலை மட்டும் மாஸ்க் போட்டு (மற்றப் பகுதிகளை மறைத்து) இணைத்த படத்தின் மேலே வையுங்கள். ட்ரைபொட்டை ஈர மணலில் நிறுத்துவதாயின் கால்களை நன்றாக அமிழ்த்துங்கள். அலை திரும்பும்போது மணல் இளகிக் கமரா மெல்ல இறங்கிவிடும்.

மருதானையிலிருந்து ஒரு வாசகர்: பல படங்களை ஒட்டுவது ஏமாற்று வேலை அல்லவா?

1850களிலேயே பிரான்ஸின் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்திற்கு வேறொரு நெகட்டிவும் கொண்டு ஒரே பிரதியை அச்சிட்டார். அன்றைய இரசாயனம் நீல ஒளிக்கு மட்டுமீறி எதிர்வினை காட்டியதால், வானம் எப்போதும் வெளுத்துப்போனது. நம் கண் ஒரு காட்சியின் பகுதிகளை மாறிமாறிப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதை அணுகும் முயற்சியே இது. அங்கே இல்லாத வானத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் அதைச் சொல்லிவிடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும் அதே மாணவி: எந்த நேரத்தில், எந்த மாதத்தில் போவது நல்லது?

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்த பின் கிடைக்கும் நல்ல வெளிச்சம் 20 நிமிடங்களைச் சற்றே தாண்டும். ஆகவே அரை மணி நேரம் முன்னதாகவே ட்ரைபொட்டை நிறுத்தி எல்லாவற்றையும் அமைத்துவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வானம் மூடியிருக்கும் நாட்களில் வேறுபாடு குறைவு, ஒரே படம் போதும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை ஓய்ந்தபின் மேற்கில் உடைந்து நிற்கும் மேகங்களுக்காகவே பிரக்கட்டிங் செய்யலாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனிபடரும். புறப்பட முன்னரே பையைக் குளிரூட்டி இல்லாத இடத்தில் அரை மணி நேரம் மூடியபடி வைத்துவிடுங்கள். கடற்கரையிலிருந்து வீடு திரும்பியதும், உப்புத் துளிகளை ஈரத்துணியால் துடைத்து, ட்ரைபொட் கால்களை நன்னீரில் கழுவுங்கள்.